மயிலம்மாள் நின்ற கால் அங்குலம்

1979 மார்ச் 14, புதன். இன்றைய தவறு: இரண்டாவது கண்ணாடியை ஒட்டுவதற்கு முன் உள்ளே ஒருமுறை பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. காரணம்: முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். நாளைய வேலை: ஒட்டியதைப் பிரிக்க வழி உண்டா என்று பார்ப்பது.

அருணகிரி அன்று இரவு வகுப்பு நோட்டில் எழுதிய குறிப்பு இவ்வளவுதான். நாமக்கல்லில் அவன் படித்த வரைபட வகுப்பில் நாள்தோறும் இப்படி எழுதவேண்டும் என்பது விதி: தேதி, தவறு, காரணம், நாளைய வேலை. மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஏழு நாளையும் ஒரே மூச்சில் எழுதிவிடுவார்கள். அருணகிரி அன்றன்றைக்கு எழுதினான். எழுதியதைத் திரும்பப் படித்து, தவறு இதுதானா, இதைவிடப் பெரிய தவறு ஏதாவது விட்டுப்போயிற்றா என்று பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசிப்பான். அன்று அவன் எழுதாமல் விட்டது, கண்ணாடிகளுக்கு நடுவே என்ன இருந்தது என்பது. இருந்தது மயிலம்மாள். வயது இருபத்தாறு, உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். அவள் நின்ற இடத்தின் கனம் கால் அங்குலம்.

அந்த ஜன்னல் சின்னண்ணனுடைய ஆசை. மோகனூரில் சர்க்கரை ஆலைக்குப் போகும் சாலையோரம் புது வீடு கட்டியிருந்தார். போர் போடும் ரிக் லாரி இரண்டு வைத்திருந்தார். மூன்றாவதற்கு கம்ப்ரசர் வாங்க பம்பாய் போனபோது ரயிலில் ஏ.சி. பெட்டியில் ஏறி, அங்கே இரட்டைக் கண்ணாடி ஜன்னலைப் பார்த்துவிட்டார். இரண்டு கண்ணாடிக்கு நடுவே தகட்டுப் பட்டைகள் அடுக்காகத் தொங்கின. குமிழைத் திருகினால் பட்டைகள் மூடிக்கொண்டன, மறுபடி திருகினால் திறந்தன. ஒரு பட்டையிலும் தூசி இல்லை. கரும்பு லாரிப் புழுதியில் வாழ்ந்த மனிதருக்கு அதற்குப் பிறகு தூக்கம் வரவில்லை. தன் வீட்டு ஆபீஸ் அறைக்கும் கூடத்துக்கும் இடையிலுள்ள சுவரில் அப்படியொன்று வேண்டும், கூடத்தில் யார் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது தனக்குத் தெரியவேண்டும், வேண்டாதபோது மூடிக்கொள்ளவேண்டும் என்று நாமக்கல் பாடி கட்டும் பட்டறைக்கு வந்து சொன்னார். கண்ணாடியும் ரப்பரும் பஸ்ஸுக்கு மாட்டிப் பழகிய பட்டறை அது. மேஸ்திரி செங்கோடன், வரைபடம் போடத் தெரிந்தவன் என்று அருணகிரியிடம் வேலையை ஒப்படைத்தார்.

அருணகிரிக்கு இருபத்திரண்டு வயது. எதையும் இரண்டு தடவை அளப்பான், இரண்டு அளவும் ஒத்துப்போனால் அளவுகோலைச் சந்தேகப்படுவான். ஜன்னல் ஐந்தரை அடி உயரம், மூன்றடி அகலம், இரண்டு கண்ணாடிக்கும் இடைவெளி முக்கால் அங்குலம். பட்டைகள் அரை அங்குலம், கூடத்துப் பக்கம் ஒட்டினாற்போல. மீதிக் கால் அங்குலம் ஆபீஸ் பக்கம். உள்ளே ஈரம் தங்கினால் கண்ணாடி மங்கிவிடும், ஈரத்தை உறிஞ்ச ஏதாவது வைக்கவேண்டும் என்று வகுப்பில் கேட்டு வந்தான். சேலம் ஜில்லாவில் காய்ந்த பொருளுக்கு எங்கே போவது என்று யாரும் யோசிக்கமாட்டார்கள். அரைப்படி ஜவ்வரிசியை வறுத்து ஓரச் சட்டத்தில் கொட்டினான். பட்டைகளைத் திருப்பும் கம்பியின் உள்வாலை மட்டும் ஒரு விரற்கடை நீளமாக விட்டுவிட்டான். அதையும் செய்த அன்றைக்கே தவறு என்று எழுதியிருக்கிறான். கூடத்துப் பக்கக் கண்ணாடியை மாட்டியாயிற்று, பட்டைகளும் தொங்கின. ஆபீஸ் பக்கக் கண்ணாடியைக் காலை பத்து இருபதுக்கு நல்ல நேரத்தில் ஒட்டவேண்டும் என்று சின்னண்ணன் சொல்லியிருந்தார். அதே நேரத்தில் மூன்றாவது ரிக் லாரியும் முதல் போருக்குக் கிளம்புவதாக இருந்தது.

மயிலம்மாள் சின்னண்ணனின் தங்கை. கல்யாணமாகி இரண்டாம் வருடம் புருஷன் செத்து அண்ணன் வீட்டுக்கு வந்தவள். வீட்டில் யார் நல்ல காரியத்துக்குக் கிளம்பினாலும் அவள் எதிரே வரக்கூடாது. இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "மயிலா" என்று ஒரு குரல் வரும், அவ்வளவுதான். அந்தக் குரல் வந்ததும் எல்லோரும் மரியாதையாக முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு மூன்று மூச்சு நிற்பார்கள். அதற்குள் அவள் மறைந்துவிடுவாள். அவள் எங்கே மறைகிறாள் என்று ஏழு வருடத்தில் ஒருவரும் பார்த்ததில்லை. பார்க்கக்கூடாது என்பதுதானே வழக்கம். அன்று அவள் ஆபீஸ் அறையில் பழைய வேட்டித் துணியால் கூடத்துக் கண்ணாடியின் உள்பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தட்டில் சூடமும் எலுமிச்சம்பழமுமாக ஆட்கள் அறைக்குள் வந்தார்கள். "மயிலா" என்று சின்னண்ணனின் மனைவி பாவாயி கூப்பிட்டாள். அறைக்கு ஒரே கதவு, அதில்தான் எல்லோரும் வந்துகொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் முகத்தைத் திருப்பினார்கள். கண்ணாடியைக் கையில் ஏந்தி நின்ற அருணகிரியும் திருப்பினான். எதிரே தேதிக் காலண்டர் இருந்தது, அதன் மேல் கடிகாரம் பத்து இருபது காட்டியது. கண்ணைத் திருப்பாமலே கண்ணாடியைப் பதித்து அழுத்தினான்.

மத்தியானம் பட்டைகள் திரும்புகின்றனவா என்று பார்ப்பதற்காக, ஆபீஸ் அறையில் அவன் குமிழைத் திருகக் குனிந்தபோதுதான் கண்ணாடியில் தெரிந்த முகம் தன்னுடையது இல்லை என்பது புரிந்தது. மயிலம்மாள் துணியும் கையுமாக உள்ளே நின்று அவனைப் பார்த்தாள். நசுங்கியிருக்கவில்லை. காகிதம் மாதிரி ஆகிவிடவும் இல்லை. முழு ஆளாக, கால் அங்குலத்தில் நின்றாள். அருணகிரிக்கு இரண்டு கையும் மணிக்கட்டுக்குக் கீழே மரத்துப்போயின, விளக்கு வைக்கும் நேரத்தில்தான் திரும்ப வந்தன. மோர்ச் சொம்புடன் உள்ளே வந்த பாவாயி சொம்பைக் கீழே போடவில்லை, பிடித்தபடியே நின்றாள். சாயங்காலம் இரண்டு பேர் சேர்ந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் சொம்பை வாங்கவேண்டியிருந்தது. பக்கத்துத் தோட்டத்து ஆள் ஒருவன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான், அவனுக்கு மூன்று நாள் பேச்சு வரவில்லை.

சின்னண்ணன் பொழுது சாயத் திரும்பினார். நூற்றெண்பதாவது அடியில் தண்ணீர் பீய்ச்சியிருந்தது. நடந்ததைச் சொன்னபோது, பட்டையோட நெழலாயிருக்கும் என்றார். பிறகு பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதற்கப்புறம் கேட்டது ஒன்றுதான்.

"அப்போ காத்தால நாங்க பொறப்பட்டப்ப இவ எதுக்கால வல்லை?"

"வல்லீங்க" என்றான் அருணகிரி.

அவர் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஏறியது. அந்த ரத்தத்தைப் பார்த்துத்தான் அருணகிரிக்கு அன்றைய தினத்தின் பெரிய அதிர்ச்சி உண்டாயிற்று. உள்ளேயிருந்தவளைப் பார்த்தபோதுகூட அவனுக்கு அவ்வளவு தூக்கிவாரிப் போடவில்லை.

இரட்டைக் கண்ணாடி, சத்தம் வெளியே வராது. குமிழ்த் துளையில் காதை வைத்தால் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல அவள் குரல் கேட்டது. "உன்ற மேல தப்பில்லை சாமி. நானாத்தான் ஏறி நின்னேன்" என்றாள். பசிக்கவில்லையா என்று கேட்டான். ஓரத்துல என்னமோ வறுத்துப் போட்டிருக்கறயே, நாளுக்கு ஒண்ணு எடுத்துக்கறேன், போதும் என்றாள். அவன் வகுப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தான். நாளுக்கு ஒரு ஜவ்வரிசி வீதம் நாற்பத்தொரு வருடம் வரும்.

மறுநாள் கத்தி, மண்ணெண்ணெய், ஊதுவிளக்கு எல்லாம் எடுத்துப்போய் கீழ் மூலையில் கத்தியை நுழைத்தான். கண்ணாடியில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல் ஓடி அவள் கால்மாட்டில் நின்றது. அது நின்ற இடத்தில் அவள் சேலைக் கரையும் அதே நீளத்துக்குக் கிழிந்திருந்தது, கட்டைவிரலில் ஒரு துளி ரத்தம். செங்கோடன் மேஸ்திரி வந்து குனிந்து பார்த்தார். "கத்திய எடுத்துருடா. கண்ணாடி போனா அம்மணியும் போயிரும்" என்றார். சேலத்திலிருந்து வந்து பார்த்த இரண்டு இன்ஜினியர்களும் காப்பி குடித்துவிட்டு அதையே சொன்னார்கள். மோகனூர் முழுக்க ஒரு வாரம் வரிசையில் நின்று பார்த்தது. பிறகு ஆலையில் அரவை மும்முரமானதால் கூட்டம் குறைந்துபோயிற்று.

ஒரு மாதத்துக்குள் வீட்டுக்கு அது பழகிவிட்டது. வசதியாகவும் இருந்தது. முன்பெல்லாம் யாராவது கிளம்பும்போது கூப்பிடவேண்டும், முகத்தைத் திருப்பவேண்டும், மூன்று மூச்சு விடவேண்டும். இப்போது குமிழைத் திருகினால் போதும், கூடத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அறுபத்து நான்கு இளம்பச்சைப் பட்டைகள்தான் தெரிந்தன. ஒரு சொல்லு மிச்சம் என்று பாவாயி உறம்பரையாக வந்த சொந்தக்காரர்களிடம் சொன்னாள். மற்ற நேரத்தில் பட்டைகள் திறந்திருந்தன. சின்னண்ணனின் மகள் சௌந்திரத்துக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவளை வளர்த்ததே அத்தைதான். கூடத்துத் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கண்ணாடியில் காட்டுவாள், தப்பான வரியில் அத்தையின் விரல் வந்து நிற்கும்.

அருணகிரி ஞாயிறுதோறும் சைக்கிளில் வந்து ரப்பரையும் விரிசலையும் பார்த்துவிட்டுப் போனான். விரிசல் வளரவில்லை. அவன் நோட்டில் முந்நூறு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு ஒரே தவறு எழுதியிருக்கிறது: இன்றும் வழி தெரியவில்லை. எண்பத்தொன்றில் சௌந்திரம் பெரியவளானாள். சீர் ஐந்து நாள் நடந்தது. பட்டைகளை மூடி, ஆபீஸ் அறையையும் விளக்கணைத்துப் பூட்டிவிட்டார்கள். ஆறாம் நாள் அருணகிரி வந்து திறந்தபோது மயிலம்மாளின் தலையில் ஒரு பக்க முடி வெளுத்திருந்தது. துளையில் காதை வைத்தான். "நிக்கறது ஒண்ணும் வெசனமில்லை அருணகிரி. இருட்டு மட்டும் வேண்டாம் சாமி" என்றது குரல். அவன் நாலா பக்கமும் பார்த்துவிட்டு, உள்ளே கம்பி வால் ஒரு விரற்கடை நீட்டிக்கொண்டிருப்பதையும், இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தால் அது திரும்பும் என்பதையும் அவளிடம் சொன்னான். அந்தப் பழைய தவறைத் தவறு என்றே வைத்துக்கொள்வதா அடித்துவிடுவதா என்று அன்று மாலை அவனுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டான்.

வால் துருவேறி இறுகியிருந்தது. விரலால் அசைத்து அசைத்து அதை இளக்க அவளுக்கு மூன்று வருடத்துக்கு மேல் பிடித்தது. எண்பத்தைந்து தை மாதம் வெண்ணந்தூரிலிருந்து சௌந்திரத்தைப் பெண் பார்க்க வந்தார்கள். கூடம் நிறைய ஆட்கள். குமிழை மூடித்தான் வைத்திருந்தார்கள். சௌந்திரம் வந்து நின்று கும்பிட்டபோது பட்டைகள் கிறீச்சென்று ஒரு சத்தத்துடன் மெதுவாகத் திறந்தன. மயிலம்மாள் பட்டைகளின் மேல் நெற்றியை வைத்து, தான் வளர்த்த பெண் பட்டுச் சேலையில் எப்படியிருக்கிறாள் என்று பார்த்தாள். மாப்பிள்ளையின் தாயார் மட்டும் எழுந்து நின்றார். பிறகு எல்லோரும் எழுந்தார்கள். காப்பி டம்ளர்கள் பதினாறும் ஆடை படிந்து அப்படியே இருந்தன.

மறுநாள் சின்னண்ணன் ஆளனுப்பி அருணகிரியை வரவழைத்தார்.

"அதக் கழட்டி கம்ப்ரசர் கொட்டாயில செவுத்தப் பாக்க வெச்சுரு. மேல தார்ப்பாயப் போட்டு மூடீரு."

"இருட்டா இருக்குமுங்க."

"எனக்குந் தெரியுது. புள்ளைக்கு ஒரு கல்யாணம் ஆவோணுமில்ல? ஆனதும் எடுத்துக்கலாம்."

"அப்பறம் பேரன் பேத்தின்னு வருமுங்க."

"வரட்டும். அதுக்குத்தான சொல்றேன்" என்றார் சின்னண்ணன். தங்கையின் பக்கம் அவர் திரும்பவில்லை. பட்டைகள் திறந்திருந்தன, அவள் இருவர் உதடுகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்கு ஆட்கள் சட்டத்தோடு சுவரைப் பெயர்த்து ஜன்னலை எடுத்து, வைக்கோல் பரப்பிய லாரியில் நிறுத்திக் கட்டினார்கள். கொட்டாய் வீட்டுக்குப் பின்னால் முப்பது அடியில் இருந்தது. அருணகிரி வண்டியை அந்தப் பக்கம் திருப்பச் சொல்லவில்லை. "சட்டம் வளைஞ்சிருக்குதுங்க. பட்டறையில நிமித்திக் கொண்டாறேன்" என்றான். அவன் சொன்ன முதல் பொய் அதுதான். அன்றைய குறிப்பில் தவறு என்ற இடத்தில் அதை எழுதி, அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்திருக்கிறான்.

பட்டறையில் பஸ் முதலாளி வெள்ளியங்கிரியின் புது பஸ் எலும்புக்கூடாக நின்றது. மோகனூர், நாமக்கல், ராசிபுரம், சேலம் வழித்தடம். ஜன்னலை அதன் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு அருணகிரி துளையருகே குனிந்தான்.

"அக்கா, இனி என்னங்க பண்றது?"

"யாரு கண்ணுக்கும் படாத எடத்துல வெக்கோணும்னா வெச்சுக்க சாமி. எனக்குக் கண்ணு தெரியற எடமா இருந்தாப் போதும்." பக்கத்தில் நின்ற எலும்புக்கூட்டைப் பார்த்து, "அதென்ன பஸ்ஸா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க."

"அதுல ஒரு ஜன்னலு கொறையுதே."

"ஓடற வண்டியில நிக்க முடியுமுங்களா?"

"ஆறு வருசமா நின்னுக்கிட்டுத்தான இருக்கறேன். ஓடுனா என்ன கொறஞ்சு போவுது?"

வெள்ளியங்கிரியிடம் கேட்க அருணகிரிக்கு இரண்டு நாள் தைரியம் வரவில்லை. கேட்டபோது அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு முழுதும் கேட்டார். "இதுக்கு மிந்தி ரெண்டு பஸ் எடுத்தேன். ரெண்டும் நல்ல நேரம் பாத்து, பூசணிக்கா ஒடச்சு, எலுமிச்சம்பழத்து மேல ஏத்தித்தான் எடுத்தேன். ஒண்ணு மலை வளைவுல கவுந்துது. இன்னொண்ணு வளைவே இல்லாத எடத்துல கவுந்துது. இதுக்கு மேல எந்தச் சகுனம் வந்து என்னத்தப் பண்ணிரும்? மாட்டு" என்றார்.

முன் படிக்கும் முதல் இருக்கைக்கும் நடுவே பக்கத் தகட்டை அடிவரை அறுத்து ஜன்னலை நிறுத்தினார்கள். அருணகிரி அதை மறுபுறமாகத் திருப்பி மாட்டினான். இப்போது அவளுக்கும் சாலைக்கும் இடையே ஒற்றைக் கண்ணாடி மட்டும், பட்டைகள் அவள் முதுகுக்குப் பின்னால், பயணிகள் பக்கம். வெளிக் குமிழைக் கழற்றி எறிந்துவிட்டான், துளையை மட்டும் விட்டுவைத்தான். இனி பட்டைகளைத் திருப்புகிற வால் அவள் விரலில் மட்டுந்தான் இருந்தது. வண்டியைச் சோதிக்க வந்த அதிகாரி வெகுநேரம் அவளைப் பார்த்துவிட்டு, இவர் நின்றுகொண்டு பயணம் செய்பவரா என்று கேட்டார். ஏறவும் மாட்டார், இறங்கவும் மாட்டார் என்றான் அருணகிரி. அப்படியானால் பொருத்துதல் என்று அதிகாரி எழுதிக்கொண்டார்: இருக்கை ஐம்பத்திரண்டு, மணி ஒன்று, மயிலம்மாள் ஒன்று.

சித்திரையில் பஸ் ஓடத் தொடங்கியது. முதல் நாள் மோகனூர் நிறுத்தத்தில் ஏழு பேர் நின்றிருந்தார்கள். பஸ் வந்து நின்றபோது அவர்கள் முகத்துக்கு நேராக மயிலம்மாள் நின்றாள். ஏழு பேரும் பழக்கத்தில் முகத்தைத் திருப்பி மூன்று மூச்சு நின்றார்கள். பஸ் போய்விட்டது. மறுநாளும் திருப்பினார்கள், மறுநாளும் போய்விட்டது. மூன்றாம் நாள் ஆபீஸுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் போகவேண்டியிருந்ததால் பார்த்துக்கொண்டே ஏறினார்கள். பரீட்சை எழுதப் போனவர்கள், வேலைக்கு மனுப்போடப் போனவர்கள், பெண் கேட்கப் போனவர்கள் எல்லோரும் காலையில் முதலில் அவள் முகத்தில்தான் விழித்தார்கள். சிலருக்குக் காரியம் கைகூடியது, சிலருக்கு இல்லை, முன்பு எவ்வளவோ அவ்வளவு. பஸ் கவிழவில்லை. வெண்ணந்தூர் மாப்பிள்ளையின் தாயார் கண் ஆபரேஷனுக்கு சேலத்துக்கு அந்த பஸ்ஸில்தான் போனார், வேறு பஸ் அன்று வரவில்லை. கட்டுப் பிரித்துத் திரும்பிய அன்று ஜன்னலருகே நின்று, மயிலம்மாளின் சேலைக் கரையில் விரல் நீளக் கிழிசல் இருப்பதைத் தானே கண்டு சொன்னார். அடுத்த வாரம் சௌந்திரத்தைக் கேட்டு மறுபடி ஆளனுப்பினார்கள்.

சின்னண்ணனுக்கு விஷயம் முதல் நாளே தெரியும். பஸ் அவர் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். நான்கு மாதம் அந்த நேரத்துக்கு அவர் வெளியே வரவில்லை. ஆவணி பிறந்து பத்தாம் நாள் பட்டறைக்கு வந்து, ஆணி அடித்துக்கொண்டிருந்த அருணகிரியின் முன்னால் நின்றார். அருணகிரி சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

"சட்டம் நிமிந்துதா?" என்று கேட்டார் சின்னண்ணன்.

"நிமிந்துதுங்க."

அவர் தலையாட்டினார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வெண்ணந்தூருல முகூர்த்தம். அத்தை மூஞ்சில முழிச்சாத்தான் பொறப்படுவேன்னு புள்ளை ஒத்தக் கால்ல நிக்கறா. வெள்ளியங்கிரி கிட்டச் சொல்லீரு, பொண்ணூட்டுக்கு அந்த பஸ்ஸே வரட்டும்."

1985 செப்டம்பர் 4, புதன். இன்றைய தவறு: பஸ்ஸைச் சுற்றிக் கட்டும் மாலைக்கு அளவு சொன்னபோது ஓரடி குறைவாகச் சொல்லிவிட்டேன். காரணம்: ஒரு தடவைதான் அளந்தேன். நாளைய வேலை: ஐந்து மணிக்குப் பட்டறை. முதல் ஜன்னலை வெளிப்பக்கம் துடைப்பது, உள்பக்கத்துக்கு அக்காவிடம் துணி இருக்கிறது. வாழைமரத்தை அந்த ஜன்னலை மறைக்காமல் கட்டுவது.